பழைய வில்லையும் புதிய கமராவும்

உங்களிற் பலருடைய வீட்டு அலுமாரியின் மேற்றட்டிலே ஒரு பழைய கமராப் பெட்டி இருத்தல் கூடும். தந்தையாரோ பேரனாரோ ஆசையோடு வாங்கியது. படச்சுருள் கிடைப்பது அரிதாயிற்று. அதனைக் கழுவிக் கொடுப்போரும் அருகிவிட்டனர். எறிந்துவிட மனம் வராத காரணத்தினால் மாத்திரம் அப்பெட்டி அங்கே கிடக்கின்றது. அதைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விழைகின்றேன். கமரா பழுதாகியிருக்கலாம், ஆயின் அதன் முகப்பில் இருக்கும் வில்லை பெரும்பாலும் பழுதாகியிராது. இன்றைய புதிய கமரா ஒன்றிலே பூட்டினால் அவ்வில்லை மீண்டும் படம் பிடிக்கும். அஃது எவ்வாறு இயல்வதாயிற்று, அதற்கு முன் நாம் எதற்கு அஞ்ச வேண்டும் என்பனவே என் பேச்சின் பொருள்.

இவ்விடயத்தில் எனக்கு ஈடுபாடு உண்டானது ஒரு விசுக்கோத்துத் தகரப்பெட்டியினால். என் தாயாரின் தமையனார் யாழ்ப்பாணத்திலே ஒரு படப்பிடிப்பு நிலையம் நடத்தியவர். ஸ்ரூடியோ மாமா என்றே எங்கள் குடும்பத்துப் பிள்ளைகள் அவரை அழைப்போம். அவரிடம் ஒரு பென்ராக்ஸ் ஸ்பொட்மற்றிக் கமரா இருந்தது. யப்பானிய நிறுவனமாகிய அசாகி 1964 ஆம் ஆண்டில் வெளியிட்ட அவ்வகைக் கமரா அக்காலத்தில் உலகெங்கும் பெயர் பெற்றது. 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவிலே வலிகாமத்து மக்கள் வீடு வாசலை விட்டுப் புறப்பட நேர்ந்தபொழுது, மாமாவின் கமரா உடல் திருத்த வேலைக்காக வேறொருவரிடம் கொடுபட்டிருந்தது. கழற்றி வைத்த வில்லை மாத்திரமே வீட்டில் இருந்தது. அதனை ஒரு துணியிற் சுற்றி, தகரப்பெட்டியுள் இட்டு, மாமி தம் உடுப்புக்களோடு எடுத்துச் சென்றார். கமரா உடல் பிறகு கிடைக்கவேயில்லை. மாமா 2003 ஆம் ஆண்டில் காலமானார். அதன்பின் பதினாறு ஆண்டுகள் கழித்து அப்பெட்டி என் கைக்கு வந்தது.

உள்ளே இருந்தது சுப்பர் தக்குமார் என்னும் வில்லை. குவியத்தூரம் 50 மில்லிமீற்றர். மிகப் பெரிய துவாரம் 1.4. அசாகி நிறுவனத்தைத் தொடக்கியவரின் சகோதரர் தக்குமா கஜிவாரா என்பவர் அமெரிக்காவில் வாழ்ந்த ஓவியர், படப்பிடிப்பாளர். அவர் பெயரிலிருந்தே தக்குமார் என்ற பெயர் வந்தது. உலோகமும் கண்ணாடியும் மாத்திரமே கொண்டு ஆக்கப்பட்ட பண்டம் அது. மின்சாரம் செல்லும் ஒரு கம்பியும் அதனுள் இல்லை. குவிய வளையத்தைத் திருகினேன். ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட அவ்வளையம் நெய்யில் அசைவதுபோல் அசைந்தது. ஆனால் கண்ணாடியோ தேநீர் ஊற்றி வைத்ததுபோல் மஞ்சள் பூத்திருந்தது. அந்த மஞ்சளின் கதையைப் பின்னர் சொல்கிறேன்.

இத்தகைய வில்லைகள் இடைக்காலத்தில் ஏன் பயனற்றுக் கிடந்தன? இதனை விளங்கிக்கொள்ள ஒரு சிறு விளையாட்டை நினைவுகூருங்கள். பள்ளிப் பிள்ளைகள் பூதக்கண்ணாடியை வெயிலிற் பிடித்துத் தாளைச் சுடுவார்கள். கண்ணாடியை உயர்த்தியும் தாழ்த்தியும் பார்த்து, ஒரு குறித்த உயரத்தில் வரும்போதுதான் சூரியனின் ஒளி ஒரு புள்ளியாகக் குவியும். கமராவிலும் அதே நியதிதான். தூரத்துப் பனைமரம் தெளிவாக விழ வேண்டுமானால், வில்லை படச்சுருளுக்கு முன்னே ஒரு குறித்த தூரத்தில் நிற்றல் வேண்டும். தூரம் கூடிவிட்டால் அண்மையிலுள்ள பொருள் மாத்திரம் தெளியும், பனைமரம் கலங்கிவிடும்.

மாமாவின் கமரா போன்றவற்றில், வில்லைக்கும் படச்சுருளுக்கும் இடையே ஓர் ஆடி சரிவாக நின்றது. வில்லை காணும் காட்சியை அவ்வாடி மேலே திருப்பிக் கண்ணுக்குக் காட்டும். விசையை அழுத்தியவுடன் ஆடி துள்ளி விலகும்; ஒளி சுருளிற் படும். அந்த ஆடிக்கு இடம் விடுவதற்காக வில்லையை வெகுதூரம் முன்னே தள்ளி வைத்தனர். கிழக்கு ஜேர்மனியின் டிறெஸ்டென் நகரத்துக் கமராக்களில் 1949 ஆம் ஆண்டளவில் புகுந்து, பின்னர் யப்பானியரும் சோவியத் நாட்டவரும் கைக்கொண்ட 42 மில்லிமீற்றர்த் திருகுப் பொருத்திலே, பொருத்துமுகத்திலிருந்து சுருள்வரை உள்ள தூரம் 45.46 மில்லிமீற்றர். நிக்கொன் கமராவில் அது 46.5. கனன் நிறுவனத்தின் பழைய எவ்.டி. வகையில் 42, 1987 ஆம் ஆண்டில் அந்நிறுவனம் கொணர்ந்த ஈ.ஓ.எஸ். வகையில் 44. இவ்வெண்களை ஏன் ஒப்புவிக்கிறேன் என்றால், விதி முழுவதும் இவற்றுள்ளேதான் அடங்கியிருந்தது. 42 மில்லிமீற்றருக்கென்று செய்த வில்லையை 44 மில்லிமீற்றர் உள்ள கமராவில் வெறும் வளையத்தினால் எவ்வாறு பொருத்துவது? இரண்டு மில்லிமீற்றர் குறைந்தமையால் எவ்.டி. வில்லைகள் யாவும் ஒரே நாளில் அநாதைகளாயின. அவற்றை விலைகொடுத்து வாங்கியிருந்தோர் அன்று கொண்ட சினம் நியாயமானதே என்பது என் எண்ணம்.

2008 ஆம் ஆண்டில் பனசொனிக் நிறுவனம் ஆடியே இல்லாத கமரா ஒன்றை வெளியிட்டது. மிரர்லெஸ் என்று இன்று கடைகளிற் சொல்லுவது இந்த ஆடியற்ற கமராவைத்தான். படச்சுருளின் இடத்தில் ஓர் ஒளியுணரி இருக்கின்றது. அது காண்பதை ஒரு சிறு மின்திரையிலே உடனுக்குடன் கண்ணுக்குக் காட்டுகின்றது. ஆடிக்கு வேலை போய்விட்டது. ஆடிக்கென விட்ட இடமும் வேண்டாதாயிற்று. சோனி நிறுவனத்தின் கமராக்களில் அத்தூரம் 18 மில்லிமீற்றர் மாத்திரமே. 2018 ஆம் ஆண்டில் வந்த நிக்கொன் இசட் வகையில் 16, கனன் ஆர்.எவ். வகையில் 20.

இப்பொழுது கழித்துப் பாருங்கள். 45.46 இலிருந்து 18 போனால் ஏறக்குறைய இருபத்தேழரை மில்லிமீற்றர், ஓரங்குலத்திற்குச் சற்றுக் கூட, மிஞ்சுகின்றது. அந்த நீளமுள்ள உலோகக் குழாய் ஒன்றை இடையே வைத்தால் வில்லை தனக்குரிய பழைய இடத்தில் வந்து நிற்கும். இடைவளையம் எனப்படும் அக்குழாயுள் கண்ணாடி ஏதும் இல்லை. காற்று மாத்திரமே உண்டு. நான் வாங்கிய இடைவளையத்தின் விலை, கமராவின் விலையோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டேயன்று. மிக மலிவான வளையங்களில் அளவு பிசகுவதும், பூட்டிய வில்லை ஆடுவதும் உண்டு. கையில் எடுத்துப் பூட்டிப் பார்த்து வாங்குவதே நன்று.

பூட்டியாயிற்று, படம் பிடிப்பது எப்படி? முதலிலே கமரா மறுக்கும். வில்லையிலிருந்து மின்செய்தி எதுவும் வாராமையால், வில்லையே இல்லை என அது எண்ணுகின்றது. வில்லையின்றியும் படமெடுக்க அனுமதிக்கும் கட்டளை ஒன்று அதன் பட்டியலில் இருக்கும். அதனைத் தேடி இயக்க வேண்டும். கையதிர்வைச் சமன்செய்யும் பொறி உள்ள கமராவாயின், குவியத்தூரம் 50 என்று நீங்களே எழுதிக் கொடுக்க வேண்டும். தக்குமார் வில்லையின் பக்கத்திலே ஒரு சிறு தள்ளி உண்டு. அது தானியங்கி நிலையில் இருந்தால் துவாரம் எப்பொழுதும் முழுவதும் திறந்தே நிற்கும். கைமுறை நிலைக்குத் தள்ளினாற்றான் துவார வளையம் சொற்கேட்கும். இது தெரியாமல் முதல் நாள் முழுவதும் வளையத்தைத் திருகித் திருகி ஏமாந்தவன் நான்.

குவியஞ் செய்வதற்குப் புதிய கமராக்கள் இரண்டு உதவிகளைத் தருகின்றன. தெளிவான விளிம்புகளை நிறக்கோடிட்டுக் காட்டுவது ஒன்று. காட்சியின் ஒரு பகுதியைப் பெருப்பித்துக் காட்டுவது மற்றையது. முன்னையதைப் பலர் புகழ்வர். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. 1.4 என்ற துவாரத்தில், ஒரு மீற்றர் தூரத்தில் இருக்கும் ஒருவரைப் படம் பிடித்தால் தெளிவு பெறும் ஆழம் மூன்று சென்ரிமீற்றர் அளவே. கண் தெளிந்தால் காது கலங்கும். நிறக்கோடு இமையிலும் மூக்கிலும் ஒருங்கே மின்னி நம்மை மயக்கிவிடும். ஆகையால் கண்ணைப் பெருப்பித்து, மூச்சை அடக்கி, வளையத்தை மயிரிழையளவு அசைத்து எடுப்பதே நம்பத்தக்க வழி. ஓடியாடும் குழந்தைகளை இவ்வாறு எடுப்பது கடினம். அதற்குத் தானே குவியஞ் செய்யும் புதிய வில்லையே ஏற்றது.

மஞ்சள் நிறத்தின் கதைக்கு வருகின்றேன். கண்ணாடியின் முறிவுச் சுட்டியை உயர்த்தவும், நிறங்கள் பிரிந்து சிதறுவதைக் குறைக்கவும், அக்காலத்து வில்லை செய்வோர் சில கண்ணாடிகளிலே தோரியம் ஒட்சைட்டைக் கலந்தனர். தோரியம் கதிர்த்தொழிற்பாடுடையது. ஆண்டுகள் செல்லச்செல்ல அதன் கதிர்கள் கண்ணாடியின் உள்ளமைப்பைத் தாக்கி மஞ்சளாக்கிவிடுகின்றன. தோரியம் என்றதும் நம் நாட்டவர் ஒருவரை நினையாதிருக்க முடியவில்லை. தோரியம் செறிந்த தோரியனைற்று என்னும் கனியத்தை 1904 ஆம் ஆண்டளவில் இலங்கையிலே கண்டெடுத்தவர், அப்பொழுது கனியவியல் ஆய்வுத் துறைக்குத் தலைவராயிருந்த ஆனந்த குமாரசுவாமி. சிற்பத்தையும் ஓவியத்தையும் பற்றி உலகுக்கு எடுத்துரைத்த அதே குமாரசுவாமிதான்.

வில்லையைக் கமராவிற் பூட்டிப் பயன்படுத்துவோர்க்கு அதனால் நேரும் கதிரளவு மிகச் சிறிது. எனினும் அக்கண்ணாடியை உரைத்துத் தூளாக்குவதும், அதனைக் கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்க்கும் உருப்பெருக்கியாகப் பயன்படுத்துவதும் தகா. மஞ்சளுக்கு மருந்து வெயில்தான். ஊதாக்கடந்த கதிர்கள் பட்டால் நிறம் மெல்ல மெல்ல வெளிறும். நான் காலை வெயிலில் மாத்திரம், சன்னற்கட்டில், மூன்று வாரம் வைத்தேன். நண்பகல் வெயிலில் வைத்தால் உள்ளிருக்கும் கொழுப்பு உருகித் துவாரத் தகடுகளிற் படியும். இன்னொன்றையும் மறத்தல் ஆகாது: வில்லை வெயிலைக் குவிக்கும், அதன் அருகே தாளோ திரைச்சீலையோ இருந்தால் வீடு தீப்பற்றும்.

பழைய வில்லை புதியதைவிடச் சிறந்ததென்று சிலர் வாதிடுகின்றனர். நான் அவ்வாறு சொல்லேன். படத்தின் மூலைகளிலே தெளிவு குறையும். விளக்கோ சூரியனோ எதிர்ப்பட்டால் படம் முழுவதும் பால் கலந்ததுபோல் வெளிறும். முன்னே ஒரு மறைப்பு வளையம் பூட்டுவது அவசியம். அகன்ற காட்சிக்கென ஆக்கிய சில பழைய வில்லைகள் ஒளியுணரியின் ஓரங்களில் நிறம் மாறிய கறைகளை உண்டாக்கும். ஆனால் குறைகளுக்கும் ஒரு முகம் உண்டு. கெலியோஸ் 44 என்னும் சோவியத் வில்லையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேர்மனியின் ஜேனா நகரில் சைஸ் நிறுவனம் யுத்தத்திற்கு முன் ஆக்கிய பயோட்டார் என்னும் வில்லையே அதன் மூலம். 1945 இல் அமெரிக்கப் படையினர் அந்நிறுவனத்து அறிஞர் சிலரை மேற்கே கொண்டுசென்றனர். பின்வந்த சோவியத் அரசு 1946 ஆம் ஆண்டு ஒக்டோபரில் எஞ்சியோரிற் பலரையும் இயந்திரங்களையும் கிழக்கே கொண்டுசென்றது. பயோட்டாரின் அமைப்பு மொஸ்கோவுக்கு அண்மையிலுள்ள கிறஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையிலே கெலியோஸ் ஆயிற்று. விளிம்புப் பிழைகள் முற்றாகத் திருத்தப்படாமையால், பின்னணியில் உள்ள இலைகள் சுழிபோல் வளைந்து தோன்றும். அச்சுழிக்காகவே இன்று அதனைத் தேடி வாங்குகின்றனர், விலையும் ஏறிவிட்டது.

வாங்குவோர்க்கு ஒரு சொல். வில்லையை ஒரு மின்சூளுக்கு எதிரே பிடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி வலை போன்ற மெல்லிழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம். வெப்பமும் ஈரமும் ஒருங்கே வாழும் நம் நாட்டிலே பழைய வில்லைகளின் யமன் அதுவே. தோல் உறையிலே பத்திரமாக மூடி வைத்திருக்கிறோம் என்று எண்ணுவோர் பலர். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருந்து பூஞ்சணத்திற்குத் தொட்டில் கட்டுகின்றது. தொடக்கத்திலே கழற்றித் துடைத்தால் வில்லை பிழைக்கும். நாட்பட்டால் பூஞ்சணம் சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிடும். அப்பால் எந்தக் கைவினைஞராலும் மீட்க முடியாது. காற்றுப் புகாத பெட்டியும், அதனுள் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொதியுமே போதுமான காவல். பொதியை அவ்வப்போது சூடாக்கி உலர்த்த வேண்டும். ஆகவே அலுமாரிப் பெட்டியை இவ்வாரத்திலேயே இறக்கிப் பாருங்கள். அடுத்த மாரிவரை விடாதீர்கள். மாமாவின் வில்லை அந்தத் தகரப்பெட்டியினாலேயே தப்பியது என்று நினைக்கின்றேன். மூடி இறுக்கமானது, ஓரத்தில் ஒரேயொரு பூஞ்சண இழை மாத்திரம் இருந்தது.

வெயிலில் வைத்துத் தெளிந்த வில்லையோடு மாமியைப் பார்க்கப் போனேன். எண்பது வயதைக் கடந்தவர். விறாந்தையிலே கதிரையில் இருக்கச் சொல்லி, அவருடைய இடது கண்ணைத் திரையிற் பெருப்பித்து, வளையத்தைத் திருகத் தொடங்கினேன். முதற்படம் மூக்கிலே தெளிந்தது. இரண்டாவது காதோரத்து மயிரிலே. மூன்றாவதற்கு நேரம் எடுத்தது. மாமி அசையாமலே, உதடு மாத்திரம் பிரிய, சொன்னார்:

“உன்ரை மாமாவும் இப்பிடித்தான் தம்பி. ஆளை இருத்திப்போட்டு உதைத் திருகிக்கொண்டே நிப்பார்.”