காணாத நண்பர்



உங்களை நான் காணவில்லை; என்னை நீங்களும் காணவில்லை. ஆயினும் என் குரல் இப்பொழுது உங்கள் வீட்டுக் கூடத்திலோ விடுதி அறையிலோ ஒலித்துக்கொண்டிருக்கிறது. கடைசி வரிசையில் எவன் கொட்டாவி விடுகிறான் என்று பார்த்துக்கொண்டே பல்லாண்டுகள் பாடம் நடத்தியவன் நான். வானொலி நிலையத்தின் இந்தச் சிறிய அறையில் எனக்குச் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கொட்டாவி விட விரும்புவோர் இன்று அச்சமின்றி விடலாம்.

காணாமலே ஒருவரோடு நட்புக் கொள்வதைப் பற்றியே பேச எண்ணி வந்தேன். என் பேரனுக்குச் சிங்கப்பூரில் ஒரு நண்பன் இருக்கிறான். இருவரும் கைப்பேசியின் வழியே சதுரங்கம் ஆடுகிறார்கள். ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. “முகம் பார்க்காதவன் எப்படியடா நண்பனாவான்?” என்று வீட்டில் கேட்கிறார்கள். அவனுக்காக வழக்காட நான் பிசிராந்தையாரைத்தான் துணைக்கு அழைத்தேன்.

பாண்டிய நாட்டுப் பிசிர் என்னும் ஊரினர் ஆந்தையார். உறையூரில் இருந்தவன் கோப்பெருஞ்சோழன். இருவரும் கண்டதில்லை. வடக்கு நோக்கிப் பறக்கும் அன்னச் சேவலை அழைத்து, சோழனுடைய மாடத்துக்குச் சென்று ஆந்தையின் பெயரைச் சொன்னால் உன் பேடைக்கு அணிகலன் கிடைக்கும் என்று புலவர் பாடிய பாட்டுப் புறநானூற்றில் இருக்கிறது. அன்னத்தின் கையில் கொடுத்த கடிதம் என்றே அதனை நான் வகுப்பில் சொல்வேன். பின்னர், மக்களோடு நேர்ந்த பகையால் மனம் நொந்த சோழன் வடக்கிருந்தான். ஆந்தையார் வருவார், அவருக்கு இடம் ஒதுக்குங்கள் என்றான். இவ்வளவு தொலைவிலிருந்து எங்கே வரப்போகிறார் என்று அருகிலிருந்தோர் ஐயுற்றனர். அவர் வந்தே விட்டார். வந்தவரின் தலையில் நரை இல்லாமையைக் கண்டு ஊரார் வியந்து காரணம் கேட்டனர் என்பது சுவையான செய்தி. மாணவர்கள் ஆண்டுதோறும் என்னிடம் வேறொன்று கேட்பார்கள். “அவர் வருவார் என்று சோழனுக்கு எப்படி ஐயா தெரியும்?” விடையாக ஏதேதோ சொல்லியிருக்கிறேன். இடத்தை ஒதுக்கி வைத்தவனின் உறுதியை வியந்தேனேயன்றி, வந்து சேர்ந்தவர் நடந்த தொலைவை நான் நினைத்துப் பார்த்ததில்லை.

நமக்கு அண்மைக் காலத்துச் சான்றும் உண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதன்பின் பாரிசு மாநகரிலிருந்து ஜூலியன் வின்சோன் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் அவருக்குக் கடிதம் எழுதலானார். அவர் காரைக்காலில் வளர்ந்தவர். தமிழிலேயே எழுதவும் வல்லவர். கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த ஒருவர், கடல் கடந்த நாட்டிலுள்ள ஏட்டுச் சுவடிகளைப் பற்றி அஞ்சல் வழியே விசாரித்து அறிந்தார் என்றால் அது எளிய செய்தியா? தமக்கு வந்த கடிதங்களை ஐயரவர்கள் எறியாமல் காத்து வைத்தார். அவை இன்று நூலுருவும் பெற்றிருக்கின்றன.

இனி என் கதைக்கு வருகிறேன். அது அவ்வளவு பெருமைக்குரியது அன்று.

1976-இல் நான் காஞ்சியில் கல்லூரி மாணவன். என் தந்தையார் பட்டு நெசவாளர். அக்காலத்தில் வார இதழ்கள் சிலவற்றில் பேனா நண்பர் பகுதி என்று ஒன்று வெளிவரும். பெயர், வயது, முகவரி, பொழுதுபோக்கு ஆகியவற்றை அச்சிடுவார்கள். அதில் கண்ட ஒரு முகவரிக்கு, கோவில்பட்டிக்கு, ஓர் அஞ்சலட்டை எழுதினேன். ஐந்தாம் நாள் பதில் வந்தது. முத்து முத்தான எழுத்து. என் வயதே ஆன இளைஞர். தீப்பெட்டி ஆலையில் கணக்கெழுதுபவர். எத்தனை நூல்கள் படித்திருந்தார்! அவர் எழுத்தில் ஓடிய நகைச்சுவையும் சொல்வளமும் கல்லூரி மாணவனாகிய என்னிடம் இல்லை. இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புக்கு நேயர் விருப்பம் எழுதும்போது அவர் என் பெயரையும் சேர்த்து எழுதுவார். ஒருநாள் எங்கள் தெருத் தேநீர்க் கடையில் என் பெயர் கொழும்பிலிருந்து ஒலித்தபோது, என்னை ஒரு பொருட்டாக மதியாத கடைக்காரர் அன்று மட்டும் காசு வாங்கவில்லை.

கடிதம் வந்தால் அன்றைக்கே பதில் எழுது என்பார் தந்தையார். அவருக்குத் தெரிந்த உவமை தறிதான். எங்கள் ஊர்க் கோர்வைச் சேலையில் கரை வேறு நிறம், உடல் வேறு நிறம். கரைக்கொன்றாக இரண்டு நாடா, உடலுக்கு ஒரு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். ஒருவர் கையால் ஆகாது. ஓரத்துக் கரைக்குத் துணையாக இன்னொருவர் உட்காரவேண்டும். இவர் எறிந்ததை அவர் வாங்கி, இரண்டு நூலும் ஒன்றையொன்று கோத்துத் திரும்பினால்தான் கரை உடலைப் பற்றும். சிறுவயதில் துணைக்கு உட்கார்ந்த நான் எத்தனையோ முறை தூங்கி விழுந்து திட்டு வாங்கியிருக்கிறேன். “அந்தப் பக்கம் போன நாடா திரும்பாவிட்டால் துணி ஏதடா?” என்பார். மூன்றாண்டுகள் எங்கள் நாடா தடையின்றி ஓடிற்று.

1979-இல் அனந்தசரசுத் திருக்குளத்திலிருந்து அத்திவரதர் வெளிவந்தார். நாற்பது ஆண்டுகளுக்கொரு முறை வாய்க்கும் காட்சி அது. நண்பர் தரிசனத்துக்கு வருவதாகவும், கையில் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தோடு பேருந்து நிலையத்தில் நிற்பதாகவும் எழுதினார். போனேன். கண்டேன். ஓடிச்சென்று கையைப் பற்றினேன். அவர் வாய் திறந்தார்; சொல் வரவில்லை. உதடு நடுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. அவருக்குத் திக்குவாய். மூன்றாண்டுக் கடிதங்களில் இதைப்பற்றி ஒரு வரி இல்லை.

அன்று முழுவதும் நான் செய்த பிழை இதுதான்: அவர் தொடங்கிய ஒவ்வொரு சொல்லையும் நானே முடித்தேன். உதவி என்று நினைத்துச் செய்தேன் என்று இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பொறுமை இல்லை. தெருவில் பிறர் பார்க்கிறார்களே என்ற வெட்கமும் இருந்தது. அவர் அதை உணர்ந்தார். பிற்பகலுக்குமேல் தலையசைப்பதோடு நிறுத்திக்கொண்டார். இரவு வண்டியேறிச் சென்றார்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அதே முத்தெழுத்து. கோயிலைப் பற்றியும் என் தாயார் இட்ட உணவைப் பற்றியும் எழுதிவிட்டு, இறுதியில், “நேரில் கண்ட பிறகும் எனக்கு எழுதுவீர்களா?” என்று கேட்டிருந்தார்.

நான் எழுதவில்லை. எழுதக்கூடாது என்று முடிவு செய்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். நல்ல கடிதமாக, நீண்ட கடிதமாக, மன்னிப்பும் கலந்து எழுதவேண்டும் என்று நினைத்தேன். ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் சேர வேண்டியிருந்தது. அடுத்த வாரம் என்று தள்ளினேன். ஒரு மாதம் கழிந்தபின் தாமதத்துக்குக் காரணமும் எழுதவேண்டும் என்றாயிற்று. ஓராண்டு கழிந்தபின் எந்தக் காரணமும் போதாது என்று தோன்றிற்று. பதிலெழுதாத கடிதம் கடனைப் போன்று வட்டியோடு வளர்கிறது. இரண்டு வரி அன்றே எழுதியிருந்தால் தீர்ந்திருக்கும். இன்று நீங்கள் பயன்படுத்தும் கைப்பேசியில், செய்தியைப் படித்துவிட்டீர்கள் என்பதை இரண்டு நீலக் கோடுகள் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. அஞ்சல் காலத்தில் எங்களுக்கு ஒளிந்துகொள்ள இடம் இருந்தது. அந்த இடத்தில் நான் நாற்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தேன்.

நடுவே ஒன்று சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியனாக இருந்தவன் சொல்லாமல் விட முடியாது. எழுத்தில் மட்டும் அறிந்த ஒருவரை நேரில் காணப் போகுமுன் பெற்றோரிடம் கூறுங்கள். பகற்பொழுதில், பலர் கூடும் இடத்தில் சந்தியுங்கள். எழுத்தில் நல்லவராகத் தோன்றுபவர் எல்லாரும் அப்படியே இருப்பர் என்பது உறுதியன்று.

2019 ஜூலை முதல் நாள் அத்திவரதர் மீண்டும் வெளிவந்தார். ஆகஸ்டு 17 வரை ஊர் கொள்ளாத கூட்டம். தெருவோரத்தில் ஒருநாள் எவரோ கடலைமிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்ததைக் கண்டேன். அன்றிரவு பழைய பெட்டியிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்தேன். பழைய முகவரிக்கே ஓர் அஞ்சலட்டை எழுதினேன். நீண்ட கடிதம் அன்று. “எழுதுவேன். தாமதத்துக்கு மன்னியுங்கள்” என்று மட்டும் எழுதி, என் பெயரும் முகவரியும் இட்டேன். அவர் அங்கே இருக்கிறாரா, இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது. ஒரே சொல்லை இருமுறை சொல்வதன் பொருள் உங்களுக்கு விளங்கும்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. எழுத்து சற்று நடுங்கியிருந்தது, ஆயினும் முத்துத்தான். “தங்கள் அட்டை கிடைத்தது. நம் அஞ்சல்துறை முன்போல் விரைவாக இல்லை போலும்” என்று எழுதியிருந்தார்.

ஆகஸ்டில் நண்பர் வந்தார். கூட்டத்தில் நுழைய இருவருக்கும் உடல்வலிமை இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அவர் ஒரு சொல்லைத் தொடங்கினார். அது வெளிவர நேரமாயிற்று. தெருவில் இரண்டு மூன்று ஆட்டோக்கள் போயின. நான் வாய் திறவாமல் காத்திருந்தேன். சொல் வந்தது. அது என் தாயாரின் பெயர். இருக்கிறார்களா என்று கேட்டார். முந்திக்கொண்டு அச்சொல்லை நான் முடித்திருந்தால் வேறெதையோ சொல்லி முடித்திருப்பேன்.

அவர் இப்பொழுதும் மாதம் ஒரு கடிதம் எழுதுகிறார். சென்ற வெள்ளிக்கிழமை வந்த கடிதத்துக்கு இன்னும் நான் பதில் எழுதவில்லை. இந்த நிலையத்துக்கு எதிரிலேயே ஓர் அஞ்சற்பெட்டி இருப்பதை வரும்போது பார்த்தேன். அட்டை சட்டைப்பையில் இருக்கிறது.