அணைக்க முடியாத விளக்குகள்

பொதுக் கட்டடத்தில் விளக்குகள் பழுதானால் இருட்டிவிடும் என்றுதான் நினைப்போம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 2012-இல் திறந்த மின்னசாக் உயர்நிலைப் பள்ளியில் நடந்தது நேர்மாறு. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கத்தான் அங்கே கணினி வழி விளக்கு அமைப்பைப் பொருத்தினார்கள். 2021 ஆகஸ்டில் மென்பொருள் கெட்டது. சுமார் 7,000 விளக்குகள் ஓராண்டுக்கும் மேலாக இரவு பகலாக எரிந்தன. ஆசிரியர்கள் சில பல்புகளைக் கையாலேயே கழற்றினார்கள். மிச்சம் பிடித்த லட்சணம், பாருங்கள்!

மென்பொருள் என்றால் கெடத்தான் செய்யும். கோளாறு வந்தால் இருட்டாகாமல் எரியட்டும் என்று அமைத்ததிலும் தப்பில்லை, பிள்ளைகள் நடமாடும் இடம். ஆனால் ஒரு சாதாரண சுவிட்சுகூட வைக்காமல், முழுக் கட்டுப்பாட்டையும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளிடம் ஒப்படைத்தது என்ன ஒப்பந்தம்? அந்த நிறுவனமோ பலமுறை கைமாறியிருந்தது. விவரம் தெரிந்த ஆளைக் கண்டுபிடிக்கவே பல வாரங்கள் ஆயின. கொரோனா காலத்தில் உதிரிபாகம் கிடைக்கவில்லையே என்பார்கள். உண்மைதான். சுவிட்சு இருந்திருந்தால் உதிரிபாகம் மெதுவாகவே வந்திருக்கலாமே! சுவிட்சு வைக்கக் கூடுதல் செலவாகும் என்றும் சொல்லலாம். மாதந்தோறும் ஆயிரக்கணக்கான டாலர் வீணானதே, அதுவும் மக்கள் வரிப்பணம்தான்.