முக்கால் மணி நேரம் எங்களிடம், மீதி நேரம் உங்களோடு

(நம் சங்கத்தின் ஞாயிறு மாலைக் கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பேசியதன் எழுத்து வடிவம்)

போன மாதம் தண்ணீர் லாரிக் கணக்கு வாசித்த அதே மைக்கை இன்று என் கையில் கொடுத்திருக்கிறார் செயலாளர். அவருக்கு நன்றி.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான ஒரு தனியார் சென்டரில் 11 வருடமாக வேலை பார்க்கிறேன். "அங்கே என்ன மருந்து கொடுப்பீங்க?" என்று நம் பிளாக்கிலேயே இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆட்டிசத்தைப் போக்கும் மருந்து எதுவும் இல்லை. அப்படி யாராவது விற்றால் வாங்காதீர்கள். அது மூளை வளரும் விதத்தில் உள்ள ஒரு வேறுபாடு. நமக்கு மிக்ஸி சத்தம் வெறும் மிக்ஸி சத்தம். அந்தக் குழந்தைகளில் சிலருக்கு அது காதுக்குள் ஆணி அடிக்கிற மாதிரி.

எங்கள் அறையில் ஊஞ்சல், பெரிய பந்து, ஒரு டப்பா நிறைய அரிசி இருக்கும். அந்த அரிசிக்குள் கையை விடவே சில குழந்தைகளுக்கு வாரக்கணக்கில் ஆகும். சட்டைப் பட்டன் போடுவது, பல் தேய்ப்பது, முடிவெட்டும்போது உட்கார்ந்திருப்பது, இதெல்லாம்தான் எங்கள் பாடத்திட்டம். "விளையாடவா இவ்வளவு ஃபீஸ்?" என்று ஒரு தாத்தா கேட்டார். ஃபீஸ் அதிகம்தான், மறுக்கவில்லை.

ஒரு வகுப்பு முக்கால் மணி நேரம். மீதி நேரமெல்லாம் குழந்தை வளர்வது வீட்டில், லிஃப்ட்டில், படிக்கட்டில், இதுபோன்ற பார்க்கில்.

வேறொரு அபார்ட்மென்ட்டில் நடந்ததைச் சொல்கிறேன். 7 வயதுப் பையன். வீடு ஐந்தாவது மாடி. லிஃப்ட்டில் ஏறினால் எல்லா பட்டனையும் அழுத்துவான். தடுத்தால் தரையில் உட்கார்ந்து கத்துவான். சென்டரில் அட்டையில் லிஃப்ட் மாதிரி செய்து, ஒரே பட்டனை அழுத்திவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளப் பழக்கினோம். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத மதிய நேரங்களில் அவர்கள் லிஃப்ட்டிலேயே பழகினோம். மூன்று மாதம். ஒருநாள் 5 மட்டும் அழுத்திவிட்டு நின்றான். அவன் அம்மா அழுதுவிட்டார்.

அடுத்த வாரம் லிஃப்ட்டில் கூட்டம். பையன் காதைப் பொத்திக்கொண்டு முனகியிருக்கிறான். ஒரு பெரியவர், "பிள்ளைய வளர்க்கத் தெரியாதா?" என்று சத்தம் போட்டிருக்கிறார். பையன் கத்த, அதை யாரோ வீடியோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அவன் லிஃப்ட் பக்கமே வரவில்லை. இரண்டு மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்தார்கள்.

அந்தப் பெரியவரை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த மூன்று மாதத்தில் அதே தளத்து வீடுகளிலாவது ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று நான் யோசிக்கவே இல்லை. "வெளியே தெரிய வேண்டாம்" என்றார் அம்மா. நானும் விட்டுவிட்டேன்.

நம் குடியிருப்பில் அப்படிக் குழந்தை உண்டா, எந்த வீடு என்று என்னிடம் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். ஆனால் எந்தக் குழந்தையாவது லிஃப்ட்டில் தடுமாறினால், அடுத்த லிஃப்ட்டில் வருகிறேன் என்று ஒதுங்கிக்கொள்ளுங்கள். தொடாதீர்கள், சுற்றி நிற்காதீர்கள். அம்மாவிடம் "ஏதாவது உதவி வேணுமாம்மா?" என்று ஒரு முறை கேட்டால் போதும். போனைப் பைக்குள் வையுங்கள்.

இன்னொன்று. "எங்க மாமா அஞ்சு வயசுலதான் பேசினாரு, பயப்படாதே" என்று இளம் அம்மாக்களுக்குத் தயவுசெய்து ஆறுதல் சொல்லாதீர்கள். ஒன்றரை வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, வேண்டியதை விரலால் சுட்டிக் காட்டவில்லை என்றால் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். ஆட்டிசமாகவே இருக்க வேண்டும் என்றில்லை. காது கேட்பதையும் பார்ப்பார்கள். முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. தனியார் சென்டருக்குப் போனால் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடமும் ஸ்பெஷல் எஜுகேட்டரிடமும் ஆர்.சி.ஐ. பதிவு எண் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடம் வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. சான்றிதழ் வாங்க வெட்கப்பட வேண்டாம்.

கடைசியாக, நான் இந்த மைக்கைக் கேட்டு வாங்கியதே இதற்காகத்தான். ஆட்டிசம் உள்ள குழந்தைகள் பலருக்குத் தண்ணீர் என்றால் உயிர். கதவு திறந்திருந்தால் சத்தமில்லாமல் போய்விடுவார்கள். கூப்பிட்டால் பதில் வராது. ஒரு குழந்தையைக் காணோம் என்றால் மெயின் கேட்டுக்கு ஒருவர் ஓடட்டும், மற்றவர்கள் முதலில் நீச்சல் குளத்துக்கும் சம்ப்புக்கும் ஓடுங்கள். பி பிளாக் பின்னால் லாரி வரும் நாட்களில் சம்ப் மூடி திறந்தே கிடப்பதை நான் இரண்டு முறை பார்த்தேன். நீச்சல் குளத்துச் சின்ன கேட்டின் தாழ்ப்பாள் மூன்று வயதுக் குழந்தைக்கும் எட்டும். செக்யூரிட்டி அண்ணன்மார்களிடம் ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் இதைச் சொல்லியாக வேண்டும்.

இந்த வாரமே மூடிக்குப் பூட்டு போட்டுவிடுவதாகவும், தாழ்ப்பாளை மேலே ஏற்றுவதாகவும் செயலாளர் சொல்லியிருக்கிறார். அடுத்த ஞாயிறு காலை நடைப்பயிற்சியின்போது நான் போய்ப் பார்ப்பேன். கூட வர விரும்புகிறவர்கள் ஆறரை மணிக்கு பி பிளாக் பின்னால் வாருங்கள்.