பழைய கடைவீட்டில் இரண்டு நாள்



பள்ளி விடுமுறை நெருங்கினால் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இந்த முறை எங்கே போகிறோம்?" பினாங்குக்குப் போய்ப் பழைய கட்டடம் ஒன்றில் தங்க எப்படித் திட்டமிடலாம் என்பதை இன்று பார்ப்போம்.

ஜார்ஜ் டவுன் நகரின் பழைய பகுதியை, மலாக்காவுடன் சேர்த்து, 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. அங்குள்ள பழைய கடைவீடுகள் சில இன்று தங்கும் விடுதிகளாகியிருக்கின்றன. கீழே வியாபாரம், மேலே குடித்தனம் என்று கட்டப்பட்டவை இவை. முகப்பு குறுகல், உள்ளே நீளம். நடுவில் வானம் பார்த்த முற்றம். வாசலில், வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க, மலாயில் 'காக்கி லீமா' என்று சொல்லப்படும் ஐந்தடி நடை.

அந்த அழகைத் தந்த பழமைதான் சில சிரமங்களையும் தருகிறது. மாடிப்படி செங்குத்தாக இருக்கும். பலகைத் தளத்தில் ஒருவர் நடந்தால் கீழே உள்ளவருக்குக் கேட்கும். நடு அறைகளுக்குத் தெருப்பக்கச் சன்னல் இராது. பாரம்பரியக் கட்டடத்தை நினைத்தபடி இடித்து மாற்ற முடியாது; ஆதலால் மின்தூக்கியை எதிர்பார்க்கக் கூடாது.

நாங்களும் ஒருமுறை எதுவும் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டுப் போனோம். கிடைத்தது மாடி அறை. மூட்டை முடிச்சுகளோடு, முழங்கால் வலிக்காரப் பாட்டியோடு, படியடியில் நின்றோம். "இதற்குத்தான் நான் வரவில்லை என்றேன்" என்றார் பாட்டி.

பாட்டியை வீட்டில் விட்டுப் போவதா இதற்கு வழி? எண்ணிப் பாருங்கள். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய நம் முன்னோர் பலர் கரையிறங்கிய துறைமுகம் பினாங்கு. 'ரஜூலா' கப்பலில் சிறு வயதில் வந்தவர்கள் இன்றும் நம்மிடையே உண்டு. அந்த ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தெரிந்தவர்களே அவர்கள்தாம்.

ஆகவே, நடக்கச் சிரமப்படுபவரை மனத்தில் வைத்து அறையைத் தேடுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன் தொலைபேசியில் கேளுங்கள்: கீழ்த்தளத்தில் அறை உண்டா? கழிப்பறை அறைக்குள்ளேயா, பொதுவா? அதற்குப் படி இறங்க வேண்டுமா? ஓர் அறையில் எத்தனை பேர் தங்கலாம்? கூடுதல் மெத்தைக்கு எத்தனை வெள்ளி? சிறுபிள்ளைகளை ஏற்பார்களா? வர இயலாமற்போனால் முன்பணம் திரும்பக் கிடைக்குமா? பதில்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

வார இறுதியிலும் பெருநாட்களிலும் வாடகை ஏறும். வார நாட்களில் போனால் மிச்சம் பிடிக்கலாம். பட்டர்வொர்த் வரை ரயில், அங்கிருந்து ஃபெர்ரி. பழைய நகரிலேயே தங்கினால், 1833ஆம் ஆண்டில் கட்டப்பட்ட குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலுக்கு வாகனச் செலவே இல்லை.

தங்கும் இடத்தையும் பேணுவோம். பழைய சுவர்கள் சுண்ணாம்புப் பூச்சு கொண்டவை. அவற்றில் ஆணி அடிக்க வேண்டாம். ஈரத்துணியைச் சாத்த வேண்டாம்.

முதல் நாள் மாலை எங்கும் ஓட வேண்டாம். முற்றத்தருகே பாட்டிக்கு ஒரு நாற்காலி போடுங்கள். பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்து, "பாட்டி, கப்பல் எங்கே வந்து நின்றது?" என்று கேட்கச் சொல்லுங்கள்.