முகத்தில் விழும் கோடுகள்



இன்னைக்கு ஒரு உண்மையைச் சொல்லிடுறேன். ரெண்டு வருஷம் முன்னாடி கண்ணோரம் சுருக்கம் தெரிஞ்சது. பையனுக்கு நோட்டுப் புத்தகம்னு குழுவில் பொய் சொல்லி, உள்கடன் 2,000 ரூபாய் வாங்கினேன். அதில் ஒரு கடையில் கிரீம் வாங்கிப் போட்டேன். பத்து நாள் முகம் பளபளன்னு இருந்துச்சு. அப்புறம் எரிச்சல், சிவப்பு, பரு. தோல் டாக்டர் டியூப்பைப் பார்த்துட்டு, "இதில் ஸ்டீராய்டு இருக்கும்மா, தோலை மெல்லிசாக்கிடும்" என்றார். ஸ்டீராய்டு கிரீம் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே அரசு உத்தரவு போட்டிருக்கிறது.

என் வீட்டுக்காரர் ஆம்பூரில் தோல் கம்பெனியில் வேலை செய்கிறார். ஆட்டுத்தோலுக்கு உறுதி கொடுப்பது கொலாஜன் என்ற நார். நம்ம தோலிலும் அதேதான். வயசானால் அது குறையும். வெயில் இன்னும் சீக்கிரம் கெடுக்கும். புகையிலைப் புகையும் கெடுக்கும்.

நம்ம வேலூர் வெயிலுக்குக் குடையும் முந்தானையும்தான் முதல் மருந்து. காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை முகத்தை மறைச்சுக்கோங்க. முடிந்தால் எஸ்.பி.எஃப். 30 சன்ஸ்கிரீன் போடுங்க. வெயிலிலேயே இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி போடணும். சுருக்கத்துக்கு டாக்டர் எழுதும் கிரீமும் உண்டு. கர்ப்பமாக இருந்தால் அவரிடம் முதலிலேயே சொல்லிடுங்க. பெயர், தயாரிப்பு விவரம் இல்லாத டப்பாவைத் தொடாதீங்க. சிவப்பழகு கிரீம் சிலவற்றில் பாதரசம் இருக்கும், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சுருக்கம் நோயில்லை, வெட்கப்படவும் வேண்டாம். கடனை அடைச்சிட்டேன். பொய்யை இன்னைக்குத்தான் அடைச்சேன்.