எந்த ஊசி உசத்தி?
(தோட்டச் சுகாதார வகுப்பில் நிகழ்த்திய உரை)





கொரோனாவின் அவசர நிலை முடிந்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதத்தில் அறிவித்துவிட்டது. ஆனால் லயங்களிலே ஒரு வழக்கு மட்டும் இன்னும் தீர்ந்தபாடில்லை. "நமக்குப் போட்டது சீன ஊசி, அது வெறும் தண்ணி" என்கிறார் ஒருவர். "கொவிஷீல்ட் போட்டவங்களுக்கு ரத்தம் கட்டிப் போகுமாமே" என்கிறார் இன்னொருவர். இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, பிள்ளைகளுக்குப் போடவேண்டிய வேறு ஊசிகளையும் "பிறகு பார்ப்போம்" என்று தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இன்று இதைப் பேச எடுத்துக்கொண்டோம்.

தடுப்பூசி நேராகப் போய்க் கிருமியைக் கொல்வதில்லை. எதிரி எப்படி இருப்பான் என்று நம்ம உடம்பின் காவல்காரருக்கு முன்கூட்டியே காட்டிக் கொடுப்பதுதான் அதன் வேலை. காட்டிக் கொடுக்கும் முறையில்தான் ஊசிக்கு ஊசி வித்தியாசம்.

சினோபார்மில் இருப்பது செயலிழக்கச் செய்த முழு வைரஸ். செத்த பாம்பைக் காட்டி, "இதுதான் பாம்பு, பார்த்துக்கோ" என்று சொல்வது மாதிரி. இது புது வித்தையல்ல. விசர்நாய்க்கடிக்குப் போடும் ஊசியும் இந்த முறையில் செய்வதுதான்.

கொவிஷீல்டில், தீங்கு செய்யாத வேறொரு வைரசுக்குள் ஒரு துண்டு எழுதி அனுப்புகிறார்கள். கொரோனாவின் மேலுள்ள முள்ளைச் செய்வது எப்படி என்பதே அந்தத் துண்டில் உள்ள செய்தி. உடம்பு அந்த முள்ளைத் தானே செய்து பார்த்து, எதிரியின் அடையாளத்தைப் பழகிக்கொள்கிறது. ரஷ்யாவின் ஸ்புட்னிக்கும் இந்த வகைதான். பைசர், மொடர்னா இரண்டிலும் வேறு வைரஸ் கிடையாது. துண்டு மட்டும் கொழுப்புறையில் சுற்றி வரும். வேலை முடிந்ததும் கரைந்துவிடும்.

சரி, எது உசத்தி? ஊசி போட்ட பிறகு இரத்தத்திலே பிறபொருளெதிரி என்ற காவல் பொருள் உண்டாகிறது. அதை அளந்து பார்த்தால் பைசர், மொடர்னா போட்டவர்களுக்குக் கூடுதலாகவும், கொவிஷீல்டுக்கு அதைவிடக் குறைவாகவும், சினோபார்முக்கு இன்னும் குறைவாகவும் இருப்பதைப் பொதுவாகக் கண்டிருக்கிறார்கள். இதை நாங்கள் மறைக்கவில்லை. ஆனால் குறைவு என்பது வேறு, தண்ணி என்பது வேறு. நம் நாட்டு ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் சினோபார்ம் இரண்டு தடவை போட்டவர்களைச் சோதித்தபோது, 100 பேரில் 95 பேருக்குப் பிறபொருளெதிரி உண்டாகியிருந்தது. தண்ணியைக் குத்தினால் இது நடக்குமா?

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். காலைப் பெரட்டில் நிற்கிற ஆட்களை மட்டும் எண்ணிவிட்டு, தோட்டத்தில் இவ்வளவு பேர்தான் என்று சொல்லமுடியுமா? லயத்திலே இருக்கிறவர்களும் கூப்பிட்டால் வருவார்கள் அல்லவா? உடம்பும் அப்படித்தான். பிறபொருளெதிரி பெரட்டில் நிற்கிற ஆள். மாதங்கள் போகப்போக எந்த ஊசியிலும் அது குறையும். ஆனால் எதிரியின் முகத்தை ஞாபகம் வைத்திருக்கும் நினைவுக் கலங்கள் பின்னால் இருக்கின்றன. கிருமி புகுந்த கலங்களைத் தேடி அழிக்கும் இன்னொரு படையும் உண்டு. நோய் தொற்றினாலும் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் நம்மைக் காப்பதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு.

உண்மையில் கவனிக்கவேண்டியது வயதைத்தான். முதியவர்களின் உடம்பில் இந்தப் பழக்கம் மெதுவாகத்தான் ஏறும், சீக்கிரம் தளர்ந்தும் போகும். 2021இல் டெல்டா வந்தபோது நம் நாட்டில் இறந்தவர்களில் பெரும்பாலோர் 60 வயதைத் தாண்டியவர்கள். அதனால்தான் சினோபார்ம் போட்ட 60 வயதுக்கு மேற்பட்டோருக்கு மூன்றாவது ஊசியும் தேவையென உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2021 ஒக்டோபரில் சொன்னது. அடுத்த மாதம் நம் நாட்டில் மூன்றாவதாகப் பைசர் போடத் தொடங்கினார்கள். முதலில் ஒரு வகை, பிறகு வேறு வகை என்று போட்டால் பல சமயம் எதிர்ப்புச் சக்தி இன்னும் நன்றாக ஏறுகிறது. "முதல் ஊசி பிழையானபடியால்தான் மாத்திப் போட்டாங்க" என்று சொல்லி அன்று வீட்டில் இருந்துவிட்ட பெரியவர்கள் உண்டு. அந்தப் பேச்சினால் நட்டம் அவர்களுக்குத்தான்.

சீன ஊசி நமக்கு மட்டும் வந்ததுமல்ல. 2021 ஜனவரி 29இல் கொவிஷீல்டுடன் வேலை தொடங்கியது. இந்தியாவில் நோய் பெருகி, அங்கிருந்து ஊசி வருவது நின்றுபோனது. அதன்பிறகு கொழும்பிலும் மலையிலும் அதிகம் பேருக்குப் போட்டது சினோபார்ம்தான்.

இரத்தம் கட்டும் கதைக்கு வருவோம். கொவிஷீல்ட் வகையில் அப்படி ஒரு பக்கவிளைவு உண்டு என்பது மெய். ஆனால் அது இலட்சக்கணக்கானோரில் ஒரு சிலருக்கு வந்தது, அதுவும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள். 2021இல் போட்டவர்கள் அதை நினைத்து இன்று பயப்படத் தேவையில்லை.

அன்பர்களே, எந்த ஊசி உசத்தி என்று கேட்டால் எங்கள் பதில் இதுதான்: உரிய காலத்தில், உரிய எண்ணிக்கையில் போட்டு முடித்த ஊசிதான் உசத்தி. கைக்குழந்தையின் சின்னமுத்து ஊசி, கர்ப்பிணித் தாயின் ஏற்பு ஊசி, ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைக்குப் பாடசாலையில் போடும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பூசி, எல்லாவற்றுக்கும் இதே சட்டந்தான். சந்தேகம் வந்தால் பீலிக்கரையில் கேட்காதீர்கள். குடும்பநல உத்தியோகத்தர் அம்மாவிடமோ தோட்டத்து மருந்து ஐயாவிடமோ கேளுங்கள். பிள்ளையின் கிளினிக் அட்டையை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். தவறிய ஊசி இருந்தால், அடுத்த கிளினிக் நாளில் கட்டாயம் வாருங்கள்.