வேலை குடுப்பான், வீடு குடுப்பானா?

(தேவனாம்பட்டினத்தில் மாணவர்கள் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



வெளிநாட்டு வேலை பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இங்கே உட்கார்ந்திருக்கிற பலபேர் வீட்டில் அண்ணனோ மாமாவோ சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருப்பார்கள். சிலபேர் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருப்பீர்கள். "இங்க கெடந்து சேரிக்காரன்னு பேச்சு வாங்குறத விட எங்கியாவது போயிடலாம்" என்று நம் பிள்ளைகள் சொல்கிறார்கள். அதில் இருக்கிற நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. நான் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்விதான். போற நாட்டுல எங்க குடியிருப்பே? அந்த இடத்த யார் முடிவு பண்ணுவாங்க?

இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத் தேவனாம்பட்டினத்தை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. வேலைக்கு வெளிநாடு போனவன் எப்படி இடம் பிடித்தான் என்பதற்கு முதல் சாட்சி இங்கேயே இடிந்து கிடக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் 1690-இல் இங்கிருந்த கோட்டையை விலைக்கு வாங்கி, செயின்ட் டேவிட் கோட்டை என்று பேர் வைத்தான். கோட்டையோடு எவ்வளவு நிலம்? பீரங்கியைச் சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரைக்கும். சுற்றியிருந்த ஊர்களெல்லாம் அப்படித்தான் கம்பெனி கைக்குப் போயின. குண்டு உப்பலவாடி என்ற பேரே அதனால் வந்தது என்பார்கள். 1756-இல் இந்தக் கோட்டைக்கு கவர்னராக இருந்த ராபர்ட் கிளைவும் கடல் தாண்டிச் சம்பளத்துக்கு வந்த ஆள்தான். அவர்கள் யாரும் வீட்டுக்காரனிடம் போய் "ரூம் காலியா இருக்குதா" என்று கேட்கவில்லை. வந்த இடத்தில் நமக்கு எல்லை போட்டார்கள்.

இதே கடற்கரையிலிருந்து நம்ம சனமும் கப்பல் ஏறியது. 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேரை ஏற்றிக்கொண்டு நேட்டாலுக்குப் போனது. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ரீயூனியனுக்கும் மார்த்தினிக்குக்கும் குவாதலூப்புக்கும் போனார்கள். மலேயா, இலங்கை, பர்மா போனவர்களுக்குக் கணக்கில்லை. தென்னார்க்காட்டிலும் தஞ்சையிலும் பண்ணையடிமையாய்க் கிடந்தவன் "கப்பல் ஏறிட்டேன்" என்று சொன்னால், பண்ணையாரிடமிருந்து தப்பித்தான் என்றுதான் அர்த்தம். அந்தக் காசில் ஊர் திரும்பி நிலம் வாங்கிய ஆதிதிராவிடர்களும் உண்டு. ஆகையால் போனது தப்பென்று நான் சொல்லவில்லை. போன இடத்தில் என்ன வீடு கிடைத்தது என்று பாருங்கள்.

தோட்டத்தில் கிடைத்தது லயம். ஒரே கூரை, வரிசையாய் அறைகள். இலங்கையில் ஒரு குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. சமையல், படுக்கை, பிள்ளைப்பேறு எல்லாம் அதற்குள்ளேதான். அந்தக் கூரையின் கீழும் சாதி இருந்தது. ஆள் பிடித்துக் கொண்டுபோன கங்காணி பெரும்பாலும் சாதி இந்து. அவன் தன் சாதிக்காரனுக்கு ஒரு லயம், பறையருக்கும் பள்ளருக்கும் சக்கிலியருக்கும் வேறு லயம் என்று பிரித்து வைத்தான். வெள்ளைக்காரத் துரைக்கு அது வசதியாக இருந்ததால் அவனும் கண்டுகொள்ளவில்லை. ஊரும் சேரியும் கப்பலில் ஏறிப்போய் மலைமேல் மறுபடியும் இறங்கின. இதுதான் நம் முதல் வெளிநாட்டுக் குடியிருப்பு.

அந்த லயமாவது அவர்களுக்குச் சொந்தமா? இல்லை. வேலை இருக்கும்வரைதான் வீடு. 1948-இல் இலங்கை குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964-இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு ஆட்களைத் தலைக்கணக்கில் பங்கு பிரித்தார்கள். திரும்பி வந்தவர்களுக்காகத் தமிழக அரசு 1968-இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அங்கேயும் கிடைத்தது லயம்தான். மலேசியாவில் ரப்பர் தோட்டங்களை விற்று மனை போட்டபோது, மூன்று தலைமுறையாய் அங்கே பால் மரம் சீவியவர்கள் வெளியே தள்ளப்பட்டார்கள். கோலாலம்பூரைச் சுற்றிப் புறம்போக்கில் குடிசை போட்டார்கள். கம்போங் மேடான் அப்படிப்பட்ட ஏழைகள் நெருக்கியடித்து வாழ்ந்த ஒரு புறநகர். 2001 மார்ச்சில் அங்கே நடந்த கலவரத்தில் ஆறு பேர் செத்தார்கள். பெரும்பாலும் இந்திய வம்சாவளித் தமிழர்கள்.

இதெல்லாம் படிக்காத கூலிக்காரன் கதை, நாங்க படிச்சிட்டுப் போறோம் என்று நீங்கள் சொல்லலாம். சரி, படித்தவர் கதைக்கு வருவோம். நமக்கெல்லாம் மேலே படித்தவர் யார்? அண்ணல் அம்பேத்கர். 1913-இல் நியூயார்க் போய் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தார். பிறகு லண்டன். அந்த ஊர்களில் யாரும் அவரைச் சாதி கேட்டு வாசலில் நிறுத்தவில்லை. 1917-இல், படிக்க வைத்த பரோடா சமஸ்தானத்திலேயே வேலை பார்க்க வந்து இறங்கினார். வேலை தயாராக இருந்தது. வீடு இல்லை. இந்து ஓட்டலில் இடம் கிடைக்காது என்று அவருக்குத் தெரியும். பார்சிகளின் விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் ஒரு கூட்டம் தடிக்கம்போடு வந்து நின்றது. நண்பர் ஒருவரிடம் இடம் கேட்டால், "நீங்க வந்தா என் வேலைக்காரங்க போயிடுவாங்க" என்கிறார். இன்னொருவர் மனைவியைக் கேட்டுச் சொல்வதாகச் சொல்கிறார். கடைசியில் ஒரு பூங்காவில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயில் ஏறினார். இதை அவரே எழுதி வைத்திருக்கிறார்.

தோழர்களே, இதிலிருந்து நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. அம்பேத்கருக்கு வேலையைக் கொடுப்பதில் பரோடாவுக்குச் சிரமம் இல்லை. வீட்டைக் கொடுப்பதில்தான் சிரமம். உன் உழைப்பை வாங்குகிறவன் உன்னைப் பக்கத்து வீட்டுக்காரனாய் ஏற்றுக்கொள்ள மாட்டான். சாதியின் கடைசிக் கோட்டை குடியிருப்புதான். சம்பளச் சீட்டைப் பார்த்து விடுதலையை அளக்காதீர்கள். இந்தத் தெருவில், இந்த வீட்டில் நான் இருப்பேன் என்று நீங்களே முடிவு செய்து, என் பேர் இது, என் சாதி இது என்று மறைக்காமல் அங்கே இருக்க முடிகிறதா? அதை வைத்து அளந்து பாருங்கள்.

இன்றைக்கு நம் பிள்ளைகள் அதிகம் போகிற சிங்கப்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டுமான வேலைக்குப் போகிற நம் ஆள், அங்கே அரசு கட்டிய அடுக்குமாடியில் வீடு வாடகைக்கு எடுக்க விதி இடம் தராது. அவனுக்கு விடுதிதான். 2008-இல் செராங்கூன் கார்டன்ஸ் என்ற வசதியானவர்கள் வாழும் புறநகரில், காலியாய்க் கிடந்த ஒரு பள்ளிக்கூடத்தைத் தொழிலாளர் விடுதியாக மாற்றப் போவதாகச் செய்தி வந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட வீட்டார் வேண்டாமென்று கையெழுத்துப் போட்டார்கள். திருட்டு நடக்கும், வீட்டு விலை இறங்கும் என்றார்கள். விடுதி வந்தது. ஆனால் தொழிலாளர்கள் அந்தத் தெருக்கள் வழியாய்ப் போகாதபடி தனியாக ஒரு சாலை போட்டார்கள்.

தனிப் பாதை! நமக்கு இது புதுசா? அங்கே கையெழுத்துப் போட்டவர்களுக்குப் பறையர் என்றால் என்னவென்றே தெரியாது. தெரியாமலேயே, நம்ம ஊர்க்காரன் செய்வதைச் செய்தார்கள். கழுவிக் கூட்டிக் கட்டிக் கொடுக்கிற கை வேண்டும், அந்தக் கைக்குரிய ஆள் கண்ணில் படக்கூடாது. 2020-இல் கொரோனா வந்தபோது அந்த நாட்டில் தொற்று கண்டவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் விடுதித் தொழிலாளர்கள். அதன் பிறகுதான், 2021-இல், புதிதாய்க் கட்டும் விடுதிகளில் ஒரு அறைக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல் கூடாது, ஆளுக்கு 4.2 சதுர மீட்டராவது வேண்டும் என்று அறிவித்தார்கள். நம்ம கணக்கில் நாற்பத்தைந்து சதுர அடி.

குவைத்தில் மங்காஃப் என்ற புறநகர். 2024 ஜூன் 12 விடியற்காலை தொழிலாளர்கள் தங்கியிருந்த ஒரு கட்டடம் தீப்பிடித்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். அதில் தமிழ்நாட்டுக்காரர்கள் 7 பேர். நம் கடலூர் மாவட்டத்துக்கும் ஒரு சடலம் வந்தது. அறைகளைப் பிரிக்க வைத்திருந்த தடுப்புகளே எரியக்கூடிய பொருள் என்று அந்த நாட்டுத் தீயணைப்புத் துறை சொன்னது. போவதற்கு முன் சம்பளம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்கிறோம். எங்கே படுக்க வைப்பாய், ஒரு அறைக்கு எத்தனை பேர், தீப்பிடித்தால் வெளியே வர வழி எது என்று யார் கேட்கிறோம்?

கம்ப்யூட்டர் வேலைக்கு அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. நல்ல பள்ளிக்கூடம் எது, ரயில் எவ்வளவு தூரம், வாடகை எவ்வளவு என்று பார்த்துப் புறநகரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் வேறொன்று நடக்கிறது. நம்மவர்கள் நிறைய இருக்கிற இடமாய்ப் பார்த்துப் போனால், அங்கே "எந்த ஊர்? ஊர்ல எந்தத் தெரு? வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று கேள்வி வரும். கேட்கிறவன் வாடகைக்குப் பங்காளி தேடுகிற நம்ம ஊர்க்காரன். விருந்துக்குக் கூப்பிடுகிற பட்டியலில் உன் பேர் நின்றுபோகும். ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2020-இல் கலிபோர்னியா அரசுத் துறையே ஒரு கம்பெனி மீது, தலித் பொறியாளர் ஒருவரைச் சாதி பார்த்து ஒதுக்கியதாக வழக்குப் போட்டது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டது. அமெரிக்காவில் அப்படிச் செய்த முதல் நகரம் அது. வேலையோடு வீட்டையும் அந்தச் சட்டத்தில் சேர்த்தார்கள். அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை ஆளுநர் கையெழுத்துப் போடாமல் திருப்பி அனுப்பினார். எதிர்த்துப் போய் நின்றவர்களில் இந்து அமைப்புகள் முன்வரிசையில் இருந்தன. சாதியே இல்லை என்கிறவர்களுக்குச் சாதியைத் தடுக்கிற சட்டத்தைப் பார்த்து எதற்குப் பயம்?

இங்கே மட்டும் என்ன வாழுது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஒரு சமூகத்தாருக்கு மட்டும் என்று விதி வைத்த கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதி செல்லும் என்று 2005-இல் நம் உச்ச நீதிமன்றமே சொன்னது. சென்னையில் "சைவம் மட்டும்" என்று பலகை மாட்டினால் யாரை வேண்டாமென்கிறான் என்று நமக்குத் தெரியும். மாற்ற முடியும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 1989-இல் சிங்கப்பூர் அரசு தன் அடுக்குமாடிகளில் எந்த இனமும் தனித்து ஒதுங்கக்கூடாது என்று ஒவ்வொரு கட்டடத்துக்கும் இனவாரியாக அளவு வைத்தது. 1997-இல் தமிழ்நாட்டில் சமத்துவபுரம் திட்டம் வந்தது. நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு. இரண்டிலும் குறை சொல்ல நிறைய இருக்கிறது. சிங்கப்பூர்க்காரன் தன் குடிமக்களுக்கு வைத்த விதி, அந்த வீட்டைக் கட்டிய நம் ஆளுக்குக் கிடையாது. சமத்துவபுரம் ஊரையும் சேரியையும் அப்படியே விட்டுவிட்டு மூன்றாவதாய் ஒரு இடத்தைக் கட்டியது. ஆனாலும் யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பது கடவுள் எழுதியதல்ல, அரசு நினைத்தால் மாற்றலாம் என்பதை இரண்டும் காட்டிவிட்டன.

நாம் செய்ய வேண்டியது என்ன? போகாதே என்று சொல்வதற்கு எனக்கு உரிமையில்லை. போகிறவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு போக வேண்டும். அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட்டா என்று பாருங்கள். அவர் வாங்கக்கூடிய கட்டணத்துக்கு முப்பதாயிரம் ரூபாயும் வரியும் என்று உச்சவரம்பு உண்டு. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் தங்குமிடம் என்று ஒரு வார்த்தை மட்டும் இருந்தால் போதாது. எந்த இடம், அறைக்கு எத்தனை பேர், அதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். முன்னாடி போனவரிடம் போனில் கேளுங்கள். படிக்கப் போகிறவர்களுக்குத் தாழ்த்தப்பட்டோருக்கான தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை இருக்கிறது. அது இருப்பதே நம் சேரிகளில் பலருக்குத் தெரியாது.

அடுத்தது இயக்கங்களின் வேலை. அயோத்திதாசப் பண்டிதர் காலத்திலேயே சாக்கிய பௌத்த சங்கத்துக்குக் கோலார் தங்கவயலிலும் ரங்கூனிலும் நேட்டாலிலும் கிளைகள் இருந்தன. கடிதம் போய்ச்சேர வாரக்கணக்கில் ஆன காலத்தில், போன இடத்திலும் ஒருத்தருக்கொருத்தர் துணையாய் நின்றார்கள். இன்றைக்குக் கையில் போன் வைத்திருக்கிற நமக்கு என்ன தடை? கடலூர், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சேரிகளிலிருந்து எந்த நாட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று இந்த மாணவர்களே ஒரு பதிவேடு எழுதலாம். புதிதாய்ப் போகிறவர், சாதியை மறைக்காமல் முதல் ராத்திரி படுக்க ஒரு வீடு அதில் இருக்க வேண்டும். சம்பளம் வராவிட்டால், அடைத்து வைத்தால், யாருக்குப் பேசுவது என்று ஒரு நம்பர் இருக்க வேண்டும்.

இந்தப் பதிவேட்டை வருகிற விடுமுறையிலேயே தொடங்குங்கள். அவரவர் தெருவிலிருந்து தொடங்குங்கள். பெண்களை விட்டுவிடாதீர்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்குத் தங்குமிடமும் வேலையிடமும் ஒன்றே. கதவைச் சாத்தினால் வெளியே குரல் வராது. பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவர்கள் பேர் இருக்கட்டும்.